பாலத்தில் நின்ற ஜன்னல்

“...அதனால வாரேன்னு நான் சொல்ல மாட்டேன்மா. அளவு எடுத்தாச்சு, துணியும் நீங்க பாத்துட்டீங்க. தச்சு மாட்டிவிட வேற ஆளு வருவாங்க. எனக்கு இங்க மறுபடி வர்ற சோலி இல்ல. போறேன்.”

திருநகரில் ஒரு புது வீட்டுக் கூடத்தில், ஏணியிலிருந்து இறங்கி அளவு டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே, ஜன்னல் ஸ்கிரீனுக்கு அளவெடுக்க வந்த கடைக்காரர் சொன்ன பேச்சு இது. நான் அந்த வீட்டுக்கு மெத்தை இறக்கப் போயிருந்தேன். பால் காய்ச்சின வாசம்கூடப் போகாத வீடு. வாசலில் மாவிலை பச்சையாகத் தொங்குகிறது. அங்கே நின்றுகொண்டு ஒரு மனிதர் ‘போறேன்’ என்றால் வீட்டுக்கார அம்மாவுக்கு எப்படி இருக்கும்? “போயிட்டு வாரேன்னு சொல்லுங்க தம்பி, புது வீடு” என்று அந்த அம்மா பதறினார். இவர் யோசித்தார். சும்மா ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே நின்று யோசித்தார். பிறகு அளவு குறித்திருந்த அட்டையை எடுத்து, அடுப்படி ஜன்னல் அளவை மட்டும் அடித்துவிட்டார். “இப்ப இந்த ஒரு ஜன்னலை அளக்க நாளைக்கு வரணும். அப்ப பொய் ஆகாது. வாரேன்மா” என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அந்த ஒரு ஜன்னலுக்காகக் கீழவாசலிலிருந்து திருநகர் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தார். மறுநாள் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படி ஒரு ஆள். கல்யாண வீடு, காதுகுத்து வீடு எங்கே போனாலும் இவரால் ஒரு சின்னச் சலசலப்பு இருக்கும். துக்க வீட்டில் மட்டும் ஊரோடு ஒத்துப்போவார். அங்கேதான் யாரும் ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாதே. எல்லோரும் வாயைத் திறக்காமல் எழுந்து போவார்கள், இவரும் எழுந்து போவார்.

கீழவாசல் பக்கம் அவருக்கு ஸ்கிரீன் துணிக் கடை. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் அவர்கள் பாஷை, கடையில் நம் பேச்சு. நான் அப்போது கப்பலூரில் ஒரு மெத்தைக் கம்பெனி வண்டியில் ஓடிக்கொண்டிருந்தேன். தலையணை, திண்டு என்று அவர் கடைக்குச் சரக்கு கொண்டுபோவேன். ஆனால் எங்கள் பழக்கம் துணியிலோ பஞ்சிலோ தொடங்கவில்லை. அதற்கு முன்பே, சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒரே பூதத்தை அடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அது ஒரு ஆன்லைன் விளையாட்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு ஒரே காட்டில் அலைவார்கள். ஒருவன் வில்லாளி, ஒருவன் மந்திரவாதி. அடிபடுகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற வேஷம் ஒன்று உண்டு. அதை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள். அடிக்கிற சுகம் அதில் கிடையாது. இவர் அதைத்தான் எடுத்தார். ‘மூலிகை’ என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நிற்பார். அதனால்தான் எங்களுக்கு அவர் டாக்டரண்ணே. இப்போதும் எனக்கு அந்தப் பெயர்தான் வருகிறது, இன்னொரு பெயரை எழுத மனசு வரவில்லை.

வைத்தியக்காரருக்கு வேலை எதிரியைப் பார்ப்பது இல்லை. திரையின் ஓரத்தில் கூட இருக்கிறவர்களின் உயிர்க்கோடு ஒவ்வொன்றாக இருக்கும், அது குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் அதைத் தவிர எதையும் பார்த்ததில்லை. மலைமாதிரி ஒரு பூதத்தை நாங்கள் சாய்த்துவிட்டு ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, “அது என்ன கலரு தம்பி?” என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். இவ்வளவு நேரம் என்னண்ணே பாத்தீங்க என்றேன். “உங்களைத்தான்” என்றார்.

சொன்ன சொல்லைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார். அதுதான் அவர். நாம் வாயில் வருவதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம், அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். “பாத்துக்கலாம்ணே” என்றால், “யாரு பாக்குறது?” என்பார். “ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று பேச்சுக்குச் சொன்ன வீட்டுக்கெல்லாம் போய் நின்றிருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் எங்க வீட்டு ஜன்னல் இவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினால், “அது நீங்க ஆசைப்படுற ஜன்னல். இருக்குற ஜன்னலை நான் வந்து பாக்குறேன்” என்பார்.

அவர் கல்யாணமே அப்படி நடந்ததுதான். மதினி ஒருநாள் கடையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது. பெண் பார்க்க வந்தார்கள். இவர் அப்பாவுக்கு என்னவோ பிடிக்கவில்லை. எழுந்திருக்கும்போது, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்றார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மதினியின் அப்பா அன்றைக்கே ஜாதகத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் வேறு வரன் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் வாசலில் இவர் தனியாக நிற்கிறார். “சொல்லி அனுப்புறோம்னு சொன்னோம்ல. வீட்டுல யாரையும் அனுப்புற மாதிரி தெரியல. அதான் நானே வந்துட்டேன். எனக்குச் சம்மதம்.”

“எங்கப்பா உள்ள வச்ச ஜாதகத்தைத் தேடிப் போனாரு” என்றார் மதினி. “இந்த மனுசன்கிட்ட பொய் சொல்லி வாழ முடியாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன். உண்மையைச் சொல்லியும் வாழ முடியாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பழைய விளையாட்டில் எங்களோடு ஒருவன் இருந்தான். அவன் வேஷம் கேடயக்காரன். எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, வருகிற அடியை எல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். பெயரும் ‘கேடயம்’ என்றே வைத்திருந்தான். உசிலம்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வருவான். வீட்டில் மானாவாரி நிலம், மாடு. அவ்வளவுதான் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியாது, சொந்தப் பெயர் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித்தான் பேச்சு எல்லாம். “அண்ணே எம்புட்டு அடி விழுகுது, என்னைய மட்டும் பாருங்க” என்பான். இவரும் அவனை மட்டும்தான் பார்ப்பார். நான் செத்துக் கிடந்தாலும் கேடயத்துக்கு முடித்துவிட்டுத்தான் என் பக்கம் வருவார். முன்னால் நிற்கிறவனுக்கும் பின்னால் நிற்கிறவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். சண்டை நடுவில் அவன் திடீரென்று, “மழை வந்திருச்சுண்ணே, வைக்கோலு நனையுது, வாரேன்” என்று ஓடுவான். இவர் எங்களை எல்லாம் ஒரு பாறை மறைவில் நிறுத்தி வைத்திருப்பார். அவன் வந்துவிடுவான். அவன் ‘வாரேன்’ என்று சொல்லி வராமல் இருந்தது கிடையாது.

அந்த ஒரு நாள் வரைக்கும்.

பாறைக்கோட்டை என்று ஒரு குகை. அதன் கடைசிக் கதவுவரைக்கும் போய்விட்டோம். எங்கள் கூட்டம் அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. கதவைத் திறந்தால் கடைசிப் பூதம். அப்போது கேடயம் தட்டினான்: “அண்ணே, வாரேன்.”

“சீக்கிரம் வா” என்று இவர் பதில் தட்டினார்.

அவன் உருவம் கதவு முன்னால் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறைந்துவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நானும் எழுந்தேன். இவர் மட்டும் சென்டர்க்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகிற வரைக்கும் அந்தக் கதவு முன்னால் உட்கார்ந்திருந்தார். “வாரேன்னு சொல்லியிருக்கான் தம்பி. வந்து பாத்து ஆளு இல்லேன்னா?” என்றார்.

அவன் மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. மதுரைக்காரன் ஒருவன் ‘வாரேன்’ என்றால் இதோ வந்துவிடுகிறேன் என்றும் அர்த்தம், கிளம்புகிறேன் என்றும் அர்த்தம். அவன் கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இவர் வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். எங்களுக்கு இது ஒரு வாரத்தில் விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்காமல் இல்லை. விளங்கியதுதான் அவரை அரித்தது. “கெளம்புறேன்னு சொன்ன பிள்ளைகிட்ட, ‘நல்லா இரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லல. வேலைக்காரனை வெரட்டுற மாதிரி சீக்கிரம் வான்னு சொல்லியிருக்கேன்” என்பார். அன்றிலிருந்துதான் அவர் எங்கேயும் போகும்போது ‘போறேன்’ என்று சொல்ல ஆரம்பித்தது. தன் வாயால் இன்னொருத்தர் காத்திருக்கக் கூடாது என்று.

உசிலம்பட்டிக்குப் போய்த் தேடலாமே என்று நான் சொன்னதுண்டு. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போகிற ஊர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “என்னன்னு கேக்குறது? கேடயம் வீடு எதுன்னா? அது இருக்கட்டும். வாரேன்னு சொன்னவனைத் தேடிப் போனா, அவன் சொன்னதை நான் நம்பலைன்னு ஆயிராதா?”

காலம் ஓடியது. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்தது. அந்த விளையாட்டும் மாறிவிட்டது. கம்பெனிக்காரர்கள் வருஷாவருஷம் புதுப்புது ஊரையும் பறக்கிற குதிரையையும் சேர்த்துச் சேர்த்து, எங்கள் பழைய காடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. நாங்களும் விட்டுவிட்டோம். அவர் கடை, நான் வண்டி.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. விளையாட்டைத் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, புதுசாக ஒரு சர்வரில் திறக்கப் போகிறார்களாம். பழைய ஆட்கள் கேட்டுக் கேட்டுக் கம்பெனி இறங்கி வந்திருக்கிறது. பறக்கிற குதிரை கிடையாது. யாருக்கும் பழைய சொத்து கிடையாது. எல்லோரும் ஒரே நாளில், ஒரு மரக்கத்தியோடு, முதல் கிராமத்தில் பிறக்க வேண்டும். நான் போனில் படித்துவிட்டு, சரக்கு இறக்கும்போது விளையாட்டாகச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“எல்லாரும் முதல்ல இருந்தா?”

“ஆமாண்ணே.”

“அப்ப அவனும் முதல்ல இருந்துதான வரணும்?”

எனக்கு அவர் கணக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. பழைய உலகத்தில் ஒருவன் எந்த மூலையில் வேண்டுமானாலும் இருப்பான். புதுசாகப் பிறந்த உலகத்தில் எல்லோரும் ஒரே கிராமத்தில் தொடங்குகிறார்கள். அந்தக் கிராமத்தை விட்டு வெளியே போக ஒரே ஒரு பாலம். மதுரையில் யாரைப் பிடிக்க வேண்டும் என்றாலும் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் போதும் என்போமே, அந்த மாதிரி.

திறக்கிற அன்றைக்குக் காலையில் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் தயாராக இருந்தன. ஒன்று அவர் லேப்டாப். இன்னொன்று பில் போடுகிற கம்ப்யூட்டர். அதில் எதற்கு என்று கேட்டேன். பெயர் முந்துகிறவர்களுக்குத்தான் கிடைக்குமாம். கேடயம் என்ற பெயரை வேறு எவனாவது எடுத்துவிட்டால் அவன் வந்து என்ன செய்வான்? அதனால் அந்தப் பெயரில் ஒரு ஆளைப் பிறப்பித்து, அவன் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பதாம். முதலில் கேடயத்தைத்தான் பதிந்தார். அது நல்லபடியாகக் கிடைத்தது. பிறகு லேப்டாப் பக்கம் திரும்பி மூலிகை என்று அடித்தால், அதற்குள் எவனோ எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ‘ஜன்னல்’ என்று அடித்தார். கிடைத்தது.

அன்றிலிருந்து அந்தப் பாலத்தின் நடுவில் ஜன்னல் என்று ஒரு வைத்தியரும், பக்கத்தில் வாயைத் திறக்காத கேடயம் என்று ஒருவனும் நின்றார்கள்.

“அவன் பேரை அவனே பாத்தா நிப்பான்ல?” என்றார்.

நானும் விளையாடினேன். ஆனால் அந்தப் பழைய சுகம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு யாருக்கும் ஒன்றும் தெரியாது. வழி கேட்போம், வழிமாறுவோம், குகைக்குள் சேர்ந்து சாவோம். இப்போது எல்லோரும் கேள்வித்தாளை முன்னாலேயே பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி ஓடுகிறார்கள். எங்கே எது இருக்கிறது, எதை எத்தனை அடியில் சாய்க்கலாம், எல்லாம் மனப்பாடம். நின்று பேச ஆள் இல்லை. நின்று பேசுகிறவர் பாலத்தில் ஒருவர்தான். ஓடுகிறவர்களில் அடிபட்டவனைக் கண்டால் இவர் நின்ற இடத்திலிருந்தே வைத்தியம் பார்த்துவிடுவார். சிலர் கும்பிடு போடுவார்கள். பலர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் தமிழ்ப் பிள்ளைகள் மத்தியில் ‘பாலத்து டாக்டர்’ என்று பெயர் பரவிவிட்டது.

என் கூட்டத்துத் தலைவன் சென்னைப் பையன், நல்லவன்தான். வைத்தியர் இல்லாமல் பாறைக்கோட்டைக்குப் போக முடியாதே என்று இவரிடம் வந்தான். சார், நீங்க வளரணும், இப்படி நின்னுட்டே இருந்தா எங்க கூட்டத்துல இடம் இருக்காது என்றான். “இடம் இல்லேன்னா பரவால்ல தம்பி, நான் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார் இவர். அவன் என்னிடம், இவர் கிண்டல் பண்றாரா என்று தனியாகக் கேட்டான். இல்லப்பா, இவருக்குக் கிண்டல் வராது என்றேன். கடைசியில் அவர்கள் வேறு வைத்தியரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும் போனேன். அந்தக் கடைசிக் கதவைத் திறந்தோம், பூதத்தைச் சாய்த்தோம். மறுநாள் அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “முன்னாடி யாரு நின்னா?”

மதினிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பில் போட ஆள் வந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் ஒருத்தன் நிற்கிறான், அணைக்கக் கூடாது என்று இவர் கையால் எழுதிக் கொடுக்கிறார். மதினி அவர்கள் பாஷையில் ஏதோ படபடவென்று சொன்னார். எனக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்பது மட்டும் விளங்கியது. இவர் தலையை ஆட்டிக்கொண்டார். மதினி என் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, அந்தப் பையன் உயிரோடதான் இருக்கானா?” என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் இவர் காதில் விழுந்துவிட்டது. அதுவரைக்கும் அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இவர் திரும்பவில்லை. துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம், “இந்த மாசத்தோட எடுத்துர்றேன் தம்பி. கடை கம்ப்யூட்டர் கடைக்கு வேணும்ல” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

இந்தச் சமயத்தில் தொந்தரவு ஒன்று வந்து சேர்ந்தது. ‘தீவனம்’ என்று ஒரு கேடயக்காரன். பாலத்தில் போகும்போதும் வரும்போதும் நின்று, பேசாத கேடயத்தை ஒரு உதை விட்டுவிட்டுப் போவான். விளையாட்டில் உதைக்கிற மாதிரி ஒரு அபிநயம் உண்டு, வலிக்காது. இவருக்கு வலித்தது. முதலில் தள்ளி நிறுத்திப் பார்த்தார். அவன் தள்ளி வந்து உதைத்தான். ஆனால் அடிபட்டு வந்தால் அவனுக்கும் வைத்தியம் பார்க்கத்தான் செய்தார். உதைக்க வந்தவனுக்கு உயிரேற்றி, அந்தத் தெம்பில் அவன் இன்னொரு உதை விட்டுப் போவதை நானே பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம். கடையில் வியாபாரம் இல்லை. நான் மெத்தைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். தீவனம் வந்தான், உதைத்தான். இவருக்கு அன்றைக்குத் தாங்கவில்லை. தட்டினார்.

“அவன் உனக்கு என்ன செஞ்சான்? ஏன் ஒதைக்கிற?”

பதில் உடனே வந்தது. “அது எம் பேருய்யா. தொறந்த அன்னைக்கே அடிச்சேன், ஏற்கெனவே இருக்குன்னு சொல்லிருச்சு. பேரைப் புடுங்கி வச்சுக்கிட்டு வெளையாடவும் மாட்டேங்கிறான், பேசவும் மாட்டேங்கிறான். இந்த மரமண்டை உங்க ஆளா?”

“அது உம் பேரு இல்ல. இன்னொருத்தன் பேரு. அவன் வருவான்.”

“யோவ், சும்மா கேக்கல. அந்தப் பேரு எனக்கு வேணும். பழைய ஆளு ஒருத்தரு இருக்காரு. என்னையத் தேடுனா அந்தப் பேரை வச்சுத்தான் தேடுவாரு. அவருக்கு வேற ஒண்ணுந் தெரியாது. மூலிகைன்னு ஒருத்தன் சுத்துறான், நல்லாயிருக்கீகளாண்ணேன்னு போய் நின்னேன். அவன் வேற எவனோ ஒருத்தன்.”

நான் மெத்தையிலிருந்து இறங்கிவிட்டேன். அவர் கை தட்டச்சுப் பலகை மேல் அப்படியே இருக்கிறது. விரல் இறங்கவில்லை. நான் தட்டட்டுமா அண்ணே என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

“மழையில வைக்கோலு நனைஞ்சுச்சா?”

தீவனம் அசையாமல் நிற்கிறான். ஜன்னலும் நிற்கிறார். நடுவில் கேடயம். யார் யாரோ இவர்களைத் தாண்டி ஓடுகிறார்கள்.

“அண்ணே?” என்று வந்தது. பிறகு, “அண்ணே, ஜன்னலு நீங்களா? இம்புட்டு நாளா எனக்கு வைத்தியம் பாத்தது நீங்களா?” பிறகு, “உங்க பக்கத்துல வச்சுத்தான் ஒதைச்சேனா?”

அதற்கப்புறம் அவன்தான் பேசினான், இவர் படித்தார். உசிலம்பட்டி சந்தைக்கு எதுத்தாப்பில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறானாம், அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு பொம்பளப் பிள்ளைகளாம். அன்றைக்கு என்ன ஆச்சு என்று இவர் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார், அடி விழப் போகிறது என்கிற மாதிரி.

“அன்னைக்குச் சாயங்காலம் எனக்குச் சென்னை பஸ்ஸுண்ணே. வேலைக்கு. அதான் உங்ககிட்ட வாரேன்னு சொன்னேன்.”

“போறேன்னு சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்தை நல்லபடியாச் சொல்லியிருப்பேன்லடா.”

“போறேன்னு எப்புடிண்ணே வாயில வரும்? நீங்க நல்லபடியாத்தான சொன்னீக. எங்கப்பாவுக்கும் எனக்கும் அன்னைக்குப் பெரிய சண்டை. போய்த் தொலைன்னுதான் அனுப்புனாரு. சீக்கிரம் வான்னு சொன்னது நீங்க ஒரு ஆளுதாண்ணே. பஸ்ல அதையவே நெனச்சுக்கிட்டுப் போனேன். ஊருக்குத் திரும்பி வர்றதுக்குத்தான் இம்புட்டு நாளாயிருச்சு.”

அவர் அதைப் படித்தார். திரையில் அது மேலே ஏறிப் போனதும், மறுபடி கீழே இழுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், இன்னொரு தடவை படித்தார்.

அதற்குள் அந்தப் பக்கம் அவசரம் வந்துவிட்டது. “அண்ணே, புண்ணாக்கு லோடு வந்து நிக்கிது. வாரேண்ணே” என்று தட்டினான்.

இது எந்த வாரேன்? “அண்ணே, போன் நம்பர் வாங்குங்க, போன் நம்பர்” என்று நான் அவர் தோளை உலுக்குகிறேன். அவர் நிதானமாகத் தட்டினார்.

“இரு. நான் வாரேன்.”

“சரிண்ணே, பாப்போம்” என்று பதில் வந்தது. தீவனம் பாலத்திலிருந்து மறைந்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “என்னண்ணே இப்புடிப் பண்ணிட்டீங்க? நீங்க கெளம்புறீங்கன்னுல அவன் நெனச்சிருப்பான்.”

“கெளம்பத்தான செய்யிறேன்” என்றார்.

மேசைக்கு அடியில் காலை விட்டுத் துழாவிச் செருப்பை மாட்டினார். கடைக் கண்ணாடி அலமாரியில் முகம் பார்த்துத் தலையைச் சீவினார். மதினிக்குப் போன் போட்டு, சாப்பாடு வேண்டாம், உசிலம்பட்டியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். பொம்பளப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று பூப்போட்ட துணியில் ஒரு துண்டை வெட்டி மடித்துக் கைக்குள் இடுக்கிக்கொண்டார். உசிலம்பட்டிக்குப் பஸ் ஏற ஆரப்பாளையம் போக வேண்டும். கடையை விட்டு இறங்கி, வெயிலில் ரோட்டின் நடுவுக்கே போய் நின்று, ஆரப்பாளையம் போகிற டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.